தேவகிருபையின் மஞ்சள் தூள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கேட்டுக்கு எதிரே இருபத்திரண்டு வருடமாகக் குழம்புத் தூளும் மஞ்சள் தூளும் விற்கிறவள் சம்பூர்ணம். விரலி மஞ்சளைத் தானே பொறுக்கி வாங்கி, காய வைத்து, மில்லில் பக்கத்திலேயே நின்று அரைத்துக்கொண்டு வருவாள். கையில் சுத்தம், வாயில் கோபம். நான்கு வருடம் முன்பு தேவகிருபை என்ற இளம்பெண் பக்கத்தில் வந்து கடை போட்டாள். அன்று போனதுதான் சம்பூர்ணத்தின் தூக்கம்.

ஷிஃப்ட் விட்டால் கூட்டம் தேவகிருபையிடம்தான். அவள் தூள் பளீரென்று இருக்கும். போதாததற்கு முகத்தில் சிரிப்பு வேறு. எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, எது பள்ளிக்கூடம் போகவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்பாள். "சிரிச்சே ஏவாரம் பண்றா" என்று சம்பூர்ணம் பொருமுவாள். தனக்கு அப்படிச் சிரிக்க வராது என்பதும் அவளுக்குத் தெரியும். வயிற்றெரிச்சலில் பாதி அதனால்தான்.

அந்தத் தூளில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்க்க, மகள் தமிழினியை அனுப்பி ஒரு பாக்கெட் வாங்கிவரச் சொன்னாள். ஒரு சிட்டிகை எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டாள். கம்பெனியில் நடந்த உணவுப் பாதுகாப்பு முகாமில் சொல்லிக்கொடுத்த சோதனை அது. நல்ல தூள் அடியில் தங்கிவிடும், தண்ணீர் லேசாகத்தான் நிறம் மாறும். இந்தத் தண்ணீர் அரை மணி கழித்தும் அடர் மஞ்சளாகவே நின்றது. அப்படி நின்றால் ஈயச் சாயம், குழந்தைகளுக்கு விஷம் என்று முகாமில் சொல்லியிருந்தார்கள்.

சம்பூர்ணத்துக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம்.

"அவங்களுக்கே தெரியுமோ இன்னாவோ. போய்ச் சொல்லிட்லாமேம்மா" என்றாள் தமிழினி.

"சொன்னா சரக்க மாத்திடுவா. நீ வாய மூடு."

அன்றே உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப்பில் புகார் போனது. ஆறாம் நாள் அதிகாரி வந்து, தூளை நான்கு பங்காகப் பிரித்துச் சீல் வைத்தார். மாதிரிக்கு உண்டான விலையையும் சட்டப்படி கொடுத்தார். பிடிக்க வந்தவரிடமும் விற்றுவிட்டாளே என்று அதற்கும் சம்பூர்ணத்துக்கு எரிந்தது.

அறிக்கை வர இரண்டு வாரம் ஆனது. அதுவரை தூள் விற்றுக்கொண்டுதான் இருந்தது. தையல் பிரிவு சைரா, தன் மூன்று வயது மகளுக்குப் பாலில் போட்டுக் கொடுக்க வாராவாரம் வாங்கிப் போனாள். ஒருநாள் அவளிடம் சொல்லிவிடலாம் என்று சம்பூர்ணத்துக்கு வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

தூளில் ஈயம் இருப்பதாக அறிக்கை வந்தது. சரக்கை எடுத்துக்கொண்டு போனார்கள், கடையையும் மூடச் சொன்னார்கள்.

மறுநாள் மாலை, ஊரைவிட்டே ஓடியிருப்பாள் என்று சம்பூர்ணம் நினைத்த தேவகிருபை வெறுங்கையோடு கேட்டருகே நின்றாள். வெளியே வந்த ஒவ்வொருத்தியையும் நிறுத்தினாள்.

"என் மஞ்சத்தூள் வீட்ல இருந்தா கொட்டிடுங்க, அதுல ஈயம் இருக்குதாம். ஏவாரம் ஜாஸ்தியாச்சு, அரைக்க முடியலன்னு அரைச்ச தூளாவே வாங்கிட்டேன். பாக்காம வித்தது என் தப்பு. கொழந்தைங்களுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்க" என்று அழுதாள்.

இரண்டு பேர் கண்டபடி திட்டினார்கள். மற்றவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கடை போன பிறகும் கூட்டம் அவளிடம்தானா!

அதோடு விட்டாளா? சம்பூர்ணத்தின் பக்கம் கைகாட்டினாள். "இனிமே அக்காகிட்ட வாங்குங்க. அவங்க பாத்துதான் வாங்குவாங்க."

சைரா வந்தாள். "எப்டிக்கா பாக்கறீங்க?"

"தண்ணில போட்டா தெரிஞ்சிடும்." பெருமையில் வாய் முந்திக்கொண்டது.

"பக்கத்துலயே இருந்தீங்களே. அவங்க தூள போட்டுப் பாக்கலியா?"

"இல்ல" என்றாள் சம்பூர்ணம். சைரா அவள் முகத்தையே பார்த்தாள்.

"இன்னா சைரா இப்டி கேக்கற? தெரிஞ்சிருந்தா அக்கா சொல்லாம இருப்பாங்களா?" என்றாள் தேவகிருபை.

சைரா ஒன்றும் வாங்காமல் போய்விட்டாள். தன்னைக் காப்பாற்றிய அந்தப் பேச்சுக்காகவும் சம்பூர்ணம் தேவகிருபையை வெறுத்தாள்.