உள்பக்கத் தாழ்ப்பாள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த ‘ல’ எங்கே வரும் என்பதில் இன்றும் தடுமாற்றம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெல்டிங் பிடித்துப் பழகிய கையில் பேனா நிற்பதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் துணி காயப் போடும் இரும்புக் கம்பியைப் பற்றி நான்தான் எழுத வேண்டும். ஆள் உயரத்தைவிட நீளம், நீலப் பெயிண்ட் பாதி உதிர்ந்துவிட்டது. அது ஒரு கப்பல் கண்டெய்னரின் கதவில் வெளிப்பக்கம் இருந்த பூட்டுக் கம்பி. அறுத்தவன் நான். அறுக்க வைத்தவர் என் அண்ணி.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கால்வாய்க்கு மேற்கே இருக்கிறது எங்கள் காலனி. புறம்போக்கு என்று சொல்லி, கரண்ட் கம்பத்தைக் கால்வாய்க்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வழி கிடையாது. பத்தாவது முடித்திருந்த அண்ணி, அண்ணன் இறந்துபோன பிறகு, பிள்ளைகளைத் தன் வீட்டுக்குள்ளேயே நெருக்கி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அதைக் கேள்விப்பட்டு ஓர் அறக்கட்டளையிலிருந்து வந்து பார்த்தார்கள். பழைய கண்டெய்னர் ஒன்றில் ஜன்னல் வெட்டி, கூரைமேல் சோலார் தகடு வைத்து, ஃபேனும் லைட்டும் போட்டு வகுப்பறையாகத் தருகிறோம் என்றார்கள். படாளம் பக்கத்தில் நான் வேலை பார்த்த பட்டறைக்கே அந்தப் பெட்டி வந்தது. ஜன்னல்களை வெட்டியது நான்தான். எனக்கு ஒரே பெருமை. அனுப்புவதற்கு முன்னால் வந்து பாருங்கள் என்று அண்ணியைக் கூப்பிட்டேன்.

வந்தார். அறக்கட்டளையின் இன்ஜினியர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனார். அண்ணி உள்ளே போய் நின்றுகொண்டு, “கதவ சாத்து தம்பி” என்றார். சாத்தி, கம்பியைத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து தட்டும் சத்தம். திறந்தபோது அவர் முகமெல்லாம் வேர்வை.

“உள்ளருந்து எப்படி தெறக்கறது?”

“முடியாது அண்ணி. சரக்கு ஏத்தற பெட்டி இது. சரக்கு இன்னாத்துக்கு கதவ தெறக்கப் போவுது?”

“அப்ப எங்க புள்ளைங்க சரக்கா?”

இன்ஜினியர் குறுக்கே வந்தார். உள்ளே பேட்டரி இருக்கிறது, வெளியே பூட்டு இருந்தால்தான் பாதுகாப்பு என்றார்.

“பூட்ட பேட்டரிக்கு போடுங்க சார். வெளிய பூட்டு வெச்ச ரூம்புல எங்க புள்ளைங்க குந்தாது. முடியாதுன்னா இது வோணாம், எடுத்துனு போங்க.”

அதற்கு மேல் அவர் காரணம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அண்ணி சின்னப் பெண்ணாக இருந்தபோது அவருடைய அப்பாவும் அம்மாவும் ஒரு ரைஸ் மில்லில் குடும்பத்தோடு தங்கி வேலை செய்தார்கள். பொழுது சாய்ந்ததும் எல்லாரையும் கொட்டகைக்குள் விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு மேஸ்திரி போய்விடுவான். வயிற்றுவலி வந்தாலும் சரி, பிரசவ வலி வந்தாலும் சரி, விடிந்து அவன் வந்தால்தான் கதவு. அண்ணி எங்கள் வீட்டுக்கு வாழ வந்த பிறகும் கதவைத் தாழ்ப்போட்டுவிட்டு ஒரு தடவை திறந்து பார்த்துத்தான் மறுபடி போடுவார். அந்தப் பழக்கத்தைப் பார்த்து நாங்கள் சிரித்ததுண்டு. அவரும் சேர்ந்து சிரிப்பார். பழக்கத்தை மட்டும் விடவில்லை.

இன்ஜினியர் யாருக்கோ போன் போட்டுப் பேசிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கம்பிகளை அறுத்தேன். பேட்டரிக்குத் தனியாக ஓர் இரும்புப் பெட்டி செய்து பூட்டுப் போட்டோம். கதவின் உட்பக்கம் தாழ்ப்பாள் வைக்க உயரம் பார்த்தபோது, “இன்னும் கீழ வையி. ஒண்ணாங் கிளாஸ் புள்ளைக்கு எட்டணும்” என்றார் அண்ணி.

பக்கத்து ஊர்க்காரர்கள் அதை டப்பா ஸ்கூல் என்றார்கள். மத்தியானத்தில் இரும்பு காயும். ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். “சுடறதும் அதே வெயிலு, விசிறி வுடறதும் அதே வெயிலு” என்பார் அண்ணி.

இரண்டு வருஷம் கழித்து, எங்கள் காலனிக்கு அப்பால் இருந்த நிலத்தை மனை போட்டு விற்க ஒரு புரோக்கர் வந்தார். மனை பார்க்கக் காரில் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது எங்கள் டப்பா. அவர் அறக்கட்டளையின் மேலிடத்தில் எப்படியோ பேசி, பெட்டியை வேறு ஊருக்கு மாற்றச் சம்மதம் வாங்கிவிட்டார். ஒரு நாள் காலை, பாடம் நடக்கும் நேரத்திலேயே கிரேனும் டிரெய்லரும் வந்து நின்றன. அன்று நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். ஓடிப் போய்ப் பார்த்தால், அண்ணி உள்ளே தாழ்ப்போட்டிருந்தார்.

புரோக்கர் கதவைத் தட்டினார். “தெறம்மா! டப்பாவ எடுத்துனு போவணும்.”

“டப்பாவா? இங்க ஸ்கூலுதான் கீது. கிளாஸ் நடந்துகினு கீது, சாய்ங்காலம் வாங்க” என்று ஜன்னலிலிருந்து பதில் வந்தது.

பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி அவர் சொன்னதும் எங்களுக்குக் கேட்டது. “பயமா கீறவங்க தாராளமா போலாம். தாப்பா உங்க கையிலதான் கீது.” வெளியே தாய்மார்கள் கதவையே பார்த்தபடி சுற்றி நின்றார்கள். கதவு திறக்கவில்லை. உள்ளே ஏழாம் வாய்ப்பாடு ஆரம்பித்தது.

புரோக்கருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கூட வந்தவனிடம், “டேய், கரண்ட்ட கட் பண்ணுடா! வெந்து தானா வெளிய வருவாங்க” என்று கத்தினார். அவன் பெட்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, மேலே பார்த்து, தலையைச் சொறிந்தான். “இன்னாத்த கட் பண்றது அண்ணாத்த? ஒயரே இல்ல. மேல சூரியன்தான் கீது.”

“ஏணி வோணுமா? ஏறிப் போயி சூரியன புடுங்கினு வா!” என்றாள் ஒரு பெண். காலனியே சிரித்தது. உள்ளே வாய்ப்பாடு சொன்ன பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு புரோக்கரை என் பக்கம் திருப்பியது. தாழ்ப்பாள் வைத்த வெல்டர் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“நீதான தாப்பா வெச்ச? நீயே அறு.”

நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவன். டீக்கடையில் சர்க்கரை குறைவாக இருந்தால்கூடக் கேட்காமல் குடித்துவிட்டு வருவேன். அன்று என் வாயிலிருந்து வந்தது எனக்கே அந்நியமாக இருந்தது. “மாட்டேன். உள்ள கீறவங்க தெறந்தாதான் தெறக்கும். அதுக்குத்தான் வெச்சேன்.”

கிரேன்காரர் இன்ஜினை அணைத்தார். உள்ளே ஆள் இருக்கும்போது தூக்க மாட்டேன் என்று இறங்கி, பீடி பற்ற வைத்துக்கொண்டார். மத்தியானம்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நடந்ததை அந்த இன்ஜினியரே மேலிடத்தில் எடுத்துச் சொன்னார் என்று பிற்பாடு தெரிந்தது. டப்பா இருந்த இடத்திலேயே இருக்கிறது.

போன மழைக்காலத்தில் காய்ச்சலில் அண்ணி போய்விட்டார். இப்போது வேறொரு டீச்சர் வருகிறார். இந்த வாரம் அறக்கட்டளையிலிருந்து ஒரு புது அதிகாரி வந்தார். கதவுக்கு வெளியே பூட்டு இல்லாததைப் பார்த்து, என்ன அலட்சியம் என்றார். பழைய கம்பி இருக்கிறதா, மறுபடி வைத்துவிடலாமா என்று என்னையே கேட்டார்.

“கீது சார். துணி காயுது” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அவருக்காகத்தான் இதை எழுதினேன். கம்பியில் இப்போது என் மகளின் பள்ளிக்கூடப் பாவாடை காய்கிறது. நாளைக்கும் அங்கேதான் காயும். வகுப்பறைப் பலகையில் ஒரு பிள்ளை எழுதி வைத்திருக்கும் தேதியைப் பார்த்து எழுதி முடிக்கிறேன்.

12-6-2025, வியாழக்கிழமை.