ஏழாம் டிஸ்க்கின் மேல் நான்கு எழுத்து

பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த தகர டப்பாவில் மொத்தம் ஒன்பது ஹார்டு டிஸ்க்குகள் இருந்தன. ஐந்து என்னுடையவை. நான்கு, பொள்ளாச்சியிலிருந்து அண்ணன் கொண்டுவந்து கொடுத்தவை.

என்னுடைய ஐந்தும் வீட்டில் இதுவரை உழைத்து ஓய்ந்த கம்ப்யூட்டர்களின் மிச்சம். பழைய கம்ப்யூட்டரைக் கடையில் போடும்போதெல்லாம் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வேன். உள்ளே பேங்க் காகிதம், மகளின் சர்டிபிகேட், ஆதார் நகல் என்று ஏதாவது கிடக்கும். யார் கைக்கோ போக விட மனம் வராது. கழற்றி வைத்ததோடு சரி, அதன் பிறகு எதுவும் செய்ததில்லை. பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போதெல்லாம் மனைவி டப்பாவைத் தூக்கி, இதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்பாள். நானும் டைரியில் குறித்துக்கொள்வேன்.

இந்த வருடம் அண்ணன் டிஸ்க்குகளும் வந்து சேர்ந்ததால் வழி செய்தே ஆக வேண்டியதாயிற்று. டைரியில் இரண்டு பக்கத்துக்குக் கட்டம் போட்டேன். எண், மேலே எழுதியிருப்பது, உள்ளே இருப்பது, முடிவு. முடிவு மூன்று வகை. நல்ல நிலையில் உள்ளதைத் துடைத்துவிட்டு இரண்டாம் நகல் வைக்கப் பயன்படுத்துவது. வேண்டியதைப் புதிதாக வாங்கிய டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு பழையதில் துளை போடுவது. கடகடவென்று சத்தம் போட்டுத் திறக்கவே மறுப்பதை நேராகத் துளைக்கு அனுப்புவது. துளை போட்ட பிறகு, மாதம் ஒருமுறை எங்கள் கணபதி ஏரியாவுக்கு வரும் மின்கழிவு வண்டியில் சேர்ப்பது.

நான் பம்பு கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கையில் எடுத்து அளக்காத எதற்கும் 'சரி' என்று எழுதக்கூடாது என்பது அங்கே சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்தது. இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது.

அண்ணன் பொள்ளாச்சி – உக்கடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். போன வருடம் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு டிராயரில் போட்டுவிட்டார். சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறார். பேசுவதைப் போலவே எழுதுகிறார். டிஸ்க்குகளைக் கொடுத்த அன்று, "எல்லாத்தையும் ஒடச்சுப்போடு. இனி எனக்கு எதுக்கு" என்று எழுதிக் காட்டினார்.

குடும்பத்தில் முதன்முதலாக வீடியோ கேமரா வாங்கியவர் அவர்தான். காதுகுத்து, சீர், பிறந்த நாள், நோம்பி என்று ஒரு விசேஷத்தையும் விட்டதில்லை. எடுத்ததையெல்லாம் டிஸ்க்கில் ஏற்றி அடுக்கி வைத்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு கேமராவை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

மறுநாள் நங்கை, அதாவது அண்ணன் மனைவி, எனக்குப் போன் செய்தார். அண்ணனுக்குத் தெரியாமல் பேசுவதாகச் சொன்னார்.

"ஏனுங் தம்பி, ஒடைக்கறதுக்கு முன்னால ஒருக்காப் பாத்துப்போடுங்க. அவிய கொரலு எங்கியாச்சும் இருந்தா எடுத்து வெய்யுங்க. எனக்கு அது ஒண்ணுதானுங்க வேணும். ஊட்டுக்காரரு டிஸ்க்குல கண்டிப்பா இருக்குமுங்க."

அண்ணன் ஆபரேஷன் வரைக்கும் பட்டன் போன்தான் வைத்திருந்தார். அதில் குரல் பதிவு எதுவும் கிடையாது. இந்த நான்கை விட்டால் வேறு இடம் இல்லை என்பது எனக்கும் தெரிந்திருந்தது. நங்கை கேட்டதை டைரியில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

மூன்று மாலை வேளைகள் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு வீடியோவையும் திறந்து, முதலில் ஒரு இடம், நடுவில் ஒரு இடம், கடைசியில் ஒரு இடம் என்று நகர்த்திப் பார்த்தேன். மாப்பிள்ளை இருந்தார், சித்தப்பா இருந்தார், சமையல்காரர்கூட இருந்தார். அண்ணன் எதிலும் இல்லை. என் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கர் ஆறு மாதமாக வேலை செய்யவில்லை. தேடுவது ஆளை, ஆளைக் கண்டுபிடித்த பிறகு சத்தத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அண்ணனின் ஆறு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்று டிஸ்க்குகளுக்கும் நேரே 'அண்ணன்: இல்லை' என்று எழுதினேன்.

ஏழாம் எண் மட்டும் ரொம்பப் பழைய வகை. அகலமான பின். என்னிடமிருந்த கேபிள் அதில் ஏறவில்லை. மேலே ஒட்டியிருந்த சின்னக் காகிதத்தில் நீல மார்க்கரில் ஆங்கில எழுத்து நான்கு. ஓ, ஓ, டி, கடைசியில் வால் நீண்ட ஒரு எழுத்து. ஊட்டி. ஒருமுறை இரண்டு குடும்பமும் வேன் பிடித்து ஊட்டி போயிருந்தோம். அதன் நகலை அண்ணன் அப்போதே எனக்குக் கொடுத்திருந்தார். என் மூன்றாம் டிஸ்க்கில் முழுதாக இருந்தது. அதனால் கேபிள் வாங்க கிராஸ்கட் ரோட்டுக்குப் போகவில்லை. கட்டத்தில், 'ஊட்டி. நகல் உண்டு. துளை' என்று எழுதினேன்.

நங்கைக்குப் போன் செய்து, தேடிப் பார்த்துவிட்டேன், எதிலும் இல்லை என்றேன். "சரிங்க தம்பி. வெச்சர்றேனுங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை வீட்டுக்குப் பின்னால், இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸைப் பொருத்தி வேலையை ஆரம்பித்தேன். லேப்டாப் டிஸ்க்குகளில் சிலவற்றுக்கு உள்ளே இருக்கும் தட்டு கண்ணாடி, துளைத்தால் சிதறும். அதனால் கண்ணுக்குக் கவசக் கண்ணாடி, கைக்கு உறை. டிரில்லில் எட்டு மில்லி பிட். ஒவ்வொன்றிலும் தட்டைக் கடந்து போகிற மாதிரி மூன்று துளை. ஒன்றைப் பிரித்து உள்ளேயிருந்த காந்தங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்; பிரிட்ஜ் கதவில் கேஸ் ரசீதை இப்போது அவைதான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிழைத்தவை மூன்றாம் எண்ணும் இரண்டாம் எண்ணும்தான். மற்ற ஏழு டிஸ்க்குகளையும் செய்தித்தாளில் எண் வரிசையில் அடுக்கி, ஹாலில் ஜன்னலுக்குக் கீழே வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் செக்கப். நான் அன்று லீவு போட்டிருந்தேன். முடித்துவிட்டு இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நங்கை தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை வைக்கக் குனிந்தவர், ஜன்னல் பக்கம் போனார். ஏழாம் எண்ணைக் கையில் எடுத்தார். துளை வழியாக அந்தப் பக்கம் தெரிந்தது.

"இது அவிய டிஸ்க்குங்களே தம்பி."

"நாலும் அண்ணனுதுதானுங் நங்கையா."

"இல்லீங். அவிய பேருல இருக்கறது இது ஒண்ணுதானுங்க. நாந்தானுங் எழுதி ஒட்டுனேன். ஊடுன்னு."

வாங்கிப் பார்த்தேன். OOTY இல்லை, OOTU. கடைசி எழுத்து ஒய் இல்லை. யு. எழுதி முடிக்கும்போது மார்க்கர் கீழே இழுத்துவிட்டிருக்கிறது.

"ஊட்டுக்காரருன்னு முழுசா எழுத எடம் பத்தலீங். அவிய பேரு எழுதலாமுன்னா கை வரல. அதான் ஊடோட நிறுத்திப்போட்டேன்" என்றார். போனில் அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊட்டுக்காரரு டிஸ்க்கு, அதாவது வீட்டுக்காரர் டிஸ்க்கு என்றது நான்கையும் அல்ல, இந்த ஒன்றை. என் வாயும் நாள் முழுக்க ஊடு என்றுதான் சொல்கிறது. ஊட்டுக்கு வாரேன், ஊட்டுல இருக்கறேன். ஆனால் பேனாவை எடுத்தால் இருபத்தாறு வருட டைரியிலும் வீடு. அந்த நான்கு எழுத்தைப் படித்தபோது ஒரு மலை ஊர் நினைவுக்கு வந்ததே தவிர, நான் பேசுகிற சொல் நினைவுக்கு வரவில்லை.

டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தக் கடைக்குக் கொண்டுபோயும் பயனில்லை. யாராலும் எதையும் எடுக்க முடியாமல் போக வேண்டும் என்றுதானே மூன்று துளை. அதை நான் ஒழுங்காகச் செய்திருந்தேன்.

தேடினேன், இல்லை என்று சொன்னேனே, இதை மட்டும் திறந்தே பார்க்கவில்லை என்று நங்கையிடம் ஒப்புக்கொண்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். சேலை நுனியால் டிஸ்க்கின் மேல் இருந்த இரும்புத்தூளைத் துடைத்தார்.

அண்ணன் நாற்காலிக் கையைத் தட்டினார். கூப்பிடுவதற்கு இப்போது அதுதான் வழி. நோட்டில், "இத எதுக்குத் தேடுனீங்க" என்று எழுதியிருந்தார். நங்கை அவர் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார். உங்க கொரலுக்குத்தானுங்க என்றார். அண்ணன் அதற்குக் கீழே ஏதோ எழுதினார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பினார். "போச்சாது உடு." பரவாயில்லை என்று அவர் சொல்லியிருந்தால் எந்த ராகத்தில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். காகிதத்தில் அந்த ராகம் இல்லை.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்று நங்கைதான் சொன்னார். கேமரா வாங்கிய புதிதில் ஒரு நாள் நங்கையே கேமராவைப் பிடுங்கி எடுத்த அரை மணி நேரப் படம். அண்ணன் வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டே, கையை ஆட்டாதே, வெயிலுக்கு எதிரே நிற்காதே, இப்படியா பிடிப்பார்கள் என்று முழு நேரமும் நங்கையைக் குறை சொல்லியிருக்கிறார். அண்ணன் முகம் இருந்த படம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவர் எடுத்தது.

காபி ஆறிப்போயிருந்தது. நங்கை, "அந்த ஊட்டிப் படமாச்சும் இருக்குதுங்களா தம்பி? இவ்வளவு தூரம் வந்தாச்சு, அதையாச்சும் பாத்துப்போட்டுப் போறோமுங்க" என்றார். எனக்காகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் எண்ணை டிவியில் சொருகினேன். மேட்டுப்பாளையம் தாண்டி வேன் மலை ஏறுகிறது. என் மகள் ஜன்னலோரம், எட்டு வயது. மனைவி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்கிறாள். டிவியில் சத்தம் இருந்தது.

"கல்லாறு எறங்கறவியெல்லாம் முன்னால வாங்க. பர்லியாறு, குன்னூரு, உள்ள தள்ளிப் போங்க. ஏனுங் அம்மணி, சில்லறை இருக்குதுங்களா? இல்லாட்டி எறங்கி நடங்க."

திரையில் நங்கை கேமராவைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார். ஹாலில் நங்கை டம்ளரைக் கீழே வைத்தார்.

அந்தக் குரல் நிற்கவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஸ்டாப் பெயர் சொன்னது. படகுத்துறையில், மறைக்குது தள்ளுங்க என்று யாரோ முன்பின் தெரியாதவரைக் கெஞ்சியது. என் மகளிடம் இங்க பாரு கண்ணு, இங்க பாரு கண்ணு என்று பத்துத் தடவை சொன்னது. படத்தில் எங்கேயும் இல்லாத ஆள், படம் முழுக்க இருந்தார். நான் மூன்று நாள் பார்த்த எல்லாப் படங்களிலும் இப்படித்தான் இருந்திருப்பார். கேமராவுக்குப் பின்னால் நிற்பவரைக் கேமராவுக்கு முன்னால் தேடியிருக்கிறேன்.

அண்ணன் முதலில் எழுந்து வாசல் பக்கம் போகப் பார்த்தார். பிறகு நின்றபடியே கேட்டார். பிறகு உட்கார்ந்தார். படகுத்துறை முடிந்தபோது நோட்டை எடுத்து எழுதி எங்கள் இருவருக்கும் காட்டினார்.

"ஆருடா இவன், இத்தன பேசறான்."

நங்கை சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டார். நான் மறுபடியும், அந்தத் தேங்காய்ப் படம் போனது என் தவறு என்று ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டித் தடுத்தார்.

"அதுல அவிய மூஞ்சி இருந்துதுங்க. மூஞ்சிதான் இதா எதுக்கால உக்காந்திருக்குதே. எனக்கு வேணும்னு கேட்டது இதுங்க தம்பி."

அப்படிச் சொன்னாலும் ஏழாம் எண்ணை அவர் திருப்பித் தரவில்லை. கிளம்பும்போது பையில் வைத்துக்கொண்டார். மின்கழிவு வண்டிக்கு ஆறுதான் போயின.

அன்று மாலைக்குள் ஊட்டிப் படத்தையும், துளை போடும் முன் ஆறு, எட்டு, ஒன்பதிலிருந்து புதிய டிஸ்க்கில் ஏற்றியிருந்த எல்லாவற்றையும் இரண்டாம் எண் டிஸ்க்கில் நகல் எடுத்தேன். ஏறிக்கொண்டிருந்த நேரம் முழுக்க மூவரும் ஒவ்வொன்றாகக் கேட்டோம். அண்ணன் இன்னும் இரண்டு தடவை அந்த ஆளைக் கிண்டல் செய்து எழுதினார். எடுத்து முடித்ததும் நங்கையிடம் அகலமான லேபிளும் மார்க்கரும் கொடுத்தேன். இடம் நிறைய இருக்கிறது, முழுதாக எழுதுங்கள் என்றேன். அவர் அண்ணனை ஒருமுறை பார்த்துவிட்டு, இந்தத் தடவை தமிழில், பெரிதாக இரண்டே எழுத்து எழுதினார்.

டைரியில் ஏழாம் எண்ணுக்கு எழுதிய பழைய வரியை அழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டேன். அதற்குக் கீழே புது வரி: எண் இரண்டு. உள்ளே இருப்பது: அண்ணன் குரல், கேட்டுப் பார்த்தது. மேலே எழுதியிருப்பது: ஊடு.