அதிகாரி படியிறங்கி வந்தார்!

என் தோழி கோமதி சக்கர நாற்காலி பயன்படுத்துபவர். கட்டபெட்டு அருகே உள்ள அரசு அலுவலகத்தில் சாய்தளம் கேட்டு மனு கொடுக்க, அவருடன் போயிருந்தேன். ஆர்வக்கோளாறில் நானும் வாசலில் இருந்த டீக்கடைக்காரரும் நாற்காலியோடு அவரைத் தூக்கிப் படியேற்றிவிட்டோம். அதிகாரி என்னைப் பார்த்து, "அதான் தூக்கிட்டு வந்துட்டீங்களே, அப்புறம் சாய்தளம் எதுக்குங்க?" என்றாரே பார்க்கலாம்!

மறுவாரம் மறுபடி போனபோதும் தூக்கக் குனிந்தேன். "கைய எடுங்கக்கா, அவரே எறங்கி வரட்டும்" என்று தடுத்த கோமதி, அதிகாரியிடம் ஆள் அனுப்பினார். சாரலில் குடை மட்டும் பிடித்தேன். மனு கொடுக்க நின்ற வரிசையே எட்டிப் பார்க்க, அதிகாரி இறங்கி வந்தேவிட்டார்! பேசியதெல்லாம் கோமதிதான்.

நேற்று புதுச் சாய்தளத்தில் கோமதி சர்ரென்று ஏறியபோது விசிலடித்தேன்!

இப்போதெல்லாம், "என்ன செய்யட்டும்?" என்று கேட்ட பிறகே கை நீட்டுகிறேன். "சும்மா இருங்கக்கா" என்றால் சும்மா இருக்கிறேன். தூக்குவதைவிட அதுதாங்க கஷ்டம்!