தறிச் சத்தத்துக்குள் ஒரு கிடார்

ஐம்பத்தொரு வயதில் மாணிக்கவேல் கிடார் வாங்கியது ஆரணியில் அவர் தெருவுக்குத் தெரியாது. தெரிந்தால் சும்மா விடுவார்களா? அதனால் விசைத்தறியை ஓடவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் பழகினார். எதிரும் புதிருமாகப் பத்துத் தறிகள் தடதடக்கிற தெரு. அவர் வாசிப்பது அவர் காதுக்கே பாதிதான் கேட்கும்.

மனைவி கமலம் இறந்து இரண்டு வருடம். மகள் காவ்யாவுக்கு ஓசூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "சாப்ட்டியாப்பா?" என்பாள், இவர் சாப்பிட்டேன் என்பார், அதோடு சரி. மற்ற நாட்களில் அவரோடு பேசுகிற ஒரே ஆள் செல்போனில் கிடார் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்தான். "எஃப் கார்ட் வரலன்னு வெக்கப்படாதீங்க, எனக்கே நாலு மாசம் ஆச்சு" என்று அந்த ஆள் வீடியோவில் சொன்னால், இவர் இங்கே "சரிங்க" என்பார்.

அறுந்த நூலை முடிச்சுப் போட்டுப் போட்டுக் காய்த்துப்போன விரல்கள், கம்பியை அழுத்தினால் வலிக்கவில்லை. விரல் தடிமன்தான் தொல்லை. ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் ஊமையாகிவிடும். ஆனால் கணக்கு சுலபமாகப் பிடிபட்டது. ஒரு சுரத்தை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து வரிசையாக எண்ணி மூன்றாவதையும் ஐந்தாவதையும் சேர்த்து மீட்டினால் கார்ட். நடுவில் இருப்பதை அரைச் சுரம் இறக்கினால் மேஜர் மைனராகிவிடும். ஈ மேஜரில் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கினால் போதும், அதே கார்ட் அழ ஆரம்பித்துவிடும். வீட்டில் ஓர் ஆள் குறைந்த மாதிரி. இதை மட்டும் வாத்தியார் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

எஃப்தான் அழும்பு செய்தது. ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு கம்பியையும் அமுக்க வேண்டும். சி-யிலிருந்து எஃப், அங்கிருந்து ஜி, திரும்ப சி. மாதக்கணக்கில் இதே வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, எஃப்பில் விரல் உட்கார்ந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. தெருவே கப்சிப். மாணிக்கவேலின் கை நிற்கவில்லை. எஃப் ஆறு கம்பியிலும் சுத்தமாக ஒலித்தது. ஜி, சி, மறுபடி எஃப். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. சட்டென்று கம்பிகளைக் கையால் பொத்திக்கொண்டு, தெரு சிரிப்பதற்காகக் காத்திருந்தார்.

எதிர்வீட்டில் தறி ஓட்டுகிற கன்னியம்மாள் வாசலுக்கு வந்தாள். "இன்னாண்ணே, நிறுத்திட்டீங்க? போன்ல பாட்டு ஓடிகினு இருந்ததே. நல்லாத்தான இருந்திச்சி."

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் அவர் செய்த எதையும் யாரும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. முதன்முதலாக வந்த அந்த ஒரு வார்த்தையைப் போய் போனுக்குத் தாரைவார்க்க மனசு வரவில்லை.

"போன் இல்லம்மா, நான்தான்" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் கரண்டு வந்து எல்லாத் தறிகளும் ஒன்றாகத் தடதடத்தன. கன்னியம்மாள் அது காதில் விழாமலே உள்ளே திரும்பிவிட்டாள்.

மாணிக்கவேல் தன் தறியை அணைத்தார். பட்டப்பகலில், லுங்கியோடு, கிடாரைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கன்னியம்மாள் கிடாரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தறியின் ஸ்விட்சை அணைத்தாள்.

"நான்தாம்மா" என்றார் மறுபடியும்.