குற்றஞ்சாட்டுகிறவள்

"சாத்தான் என்பது எபிரேயச் சொல். குற்றஞ்சாட்டுகிறவன் என்று பொருள்" என்று போதகர் பிரசங்கித்தபோது முன்வரிசையில் சிலர் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். என் மகள் பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

முந்தைய வாரம்தான் அவள் கடலோரக் காவல் நிலையத்துக்குப் போன் செய்திருந்தாள். எங்கள் சபையின் வாலிபர் சங்கம் தருவைகுளத்திலிருந்து வள்ளத்தில் தீவு பார்க்கக் கிளம்பியது. பத்துப் பேர் ஏறும் வள்ளத்தில் மொத்தச் சங்கமும். லைஃப் ஜாக்கெட் ஒன்றுகூட இல்லை. இவள் கேட்டதற்கு, "ஜெபம் பண்ணிட்டுத்தான ஏறுதோம்?" என்று சிரித்திருக்கிறார்கள். காவலர்கள் வந்து எல்லாரையும் இறக்கினார்கள். கொண்டுபோன பிரியாணியைக் கரையிலேயே தின்றுவிட்டுத் திரும்பினார்களாம்.

"ஏளா, ஒனக்கு எதுக்கு இந்த வேலை? நீ மட்டும் ஏறாம வந்திருக்கலாம்லா?" என்றேன்.

"முங்கிச் செத்துப்போனா எத்தன வீட்டுக்கும்மா துட்டி கேக்கப் போவ?"

எனக்குக் கோபம்தான் வந்தது. சபையார் முன்பு மன்னிப்புக் கேட்டால்தான் பாடகர் குழுவில் நிற்கலாம் என்று சங்கம் சொல்லிவிட்டது. பாட்டு இல்லாமல் அவளால் இருக்க முடியாது. கேட்டுத் தொலைக்கட்டுமே என்றுகூட நினைத்தேன்.

ஆனால் சாத்தான் என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. நான் தமிழாசிரியை; தேடிப் படித்தேன். அதன் பழைய பொருள் எதிர்த்து நிற்பவர் என்பதுதான். பிற்பாடுதான் வழக்கு மன்றத்தில் குற்றஞ்சாட்டுகிறவன் ஆனான், பிசாசும் ஆனான். பைபிளில் கழுதையேறிப் போன குறிகாரனை வழிமறித்த தேவதூதனுக்கும் இதே சொல்தான். போகக்கூடாத பயணம் அது.

போதகரிடம் கேட்டேன். "அது வேற சந்தர்ப்பம் டீச்சர்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்ன வேறு? எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்று சங்கச் செயலாளர் போன் செய்தார்.

"ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டா போதும் டீச்சர். அடுத்த மாசம் வேற கரையில இருந்து போறோம். பிள்ளையையும் கூட்டிட்டுப் போறோம்."

"லைஃப் ஜாக்கெட் வாங்கியாச்சா?"



"என்ன டீச்சர், நீங்களுமா?"

"எந்தக் கரைன்னு சொல்லுங்க" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.