துரை கொடுத்த கோங்

மலாய் நாட்டில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேலாளர் தமிழர்தான். ஆனாலும் துரை என்றால்தான் அவருக்குக் காது கேட்கும். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற மாரியாயி அக்காவுக்குப் போன மாதம் அவர் தலைமையில் பாராட்டு விழா நடந்தது. ஓய்வுபெற்றவர் தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அக்காவுக்குப் போக்கிடம் இல்லை என்பது துரைக்கும் தெரியும்.

பரிசாக, சேகண்டி போல அடித்தால் ஒலிக்கும் தட்டளவு பித்தளை கோங் ஒன்றைக் கொடுத்தார். கியா பார்ம் சந்தைக் கடையின் விலைச்சீட்டு அதில் அப்படியே ஒட்டியிருந்தது. கோங் என்பது அசல் ஆங்கில இசைச்சொல்லாம். இங்கிலாந்தில் பதக்கத்தையும் பேச்சுவழக்கில் அப்படித்தான் சொல்வார்களாம். அதனால் இது அக்காவின் பதக்கமாம்.

பதக்கம் என்ற பொருள் சரி. ஆனால் சொல் மலாய். அடித்தால் எழும் ஒலியே அதற்குப் பெயரானது. வெள்ளைக்காரன் இந்தப் பக்கத்திலிருந்து எடுத்துப்போன சொல் அது. அகராதியைப் புரட்டாத மனிதருக்கு ஒலிபெருக்கி ஒரு கேடு!

"பேரு கெடக்கட்டும் தொர. என் வீடு?" என்று அக்கா கேட்டார்.

"அடுத்த வாரம் சாவியக் குடுத்துருங்க லா," என்று துரை சிரித்தார். அதற்கும் கைதட்டச் சிலர் இருந்தார்கள்.

சொன்னபடியே சாவி கேட்டு வந்தார். அக்கா வாசலில் தொங்கவிட்டிருந்த கோங்கை ஓங்கி அடித்தார். லைனே திரண்டு வந்தது.

"என்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. குடுத்த பதக்கத்தப் பாக்கத் தொர வந்திருக்காரு."

துரை காரில் ஏறிப் போய்விட்டார். சாவி இன்னும் அக்காவிடம்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் என் காது அந்த வாசல் பக்கமே கிடக்கிறது. சத்தம் கேட்டால் செருப்புப் போடக்கூட நிற்க மாட்டேன்.