ஜாஸ்மின் இல்லாத கம்ப்யூட்டர் அறை

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் மெர்சியும் ஜாஸ்மினும் ஆறு வருடம் அருகருகே உட்கார்ந்து வேலை செய்தார்கள். பெட்டியில் ஒட்டும் லேபிளை அச்சிடுவது ஜாஸ்மின் வேலை. லேபிள் புரோகிராமைத் திறந்து தோலின் பெயர், சைஸ், எண்ணிக்கை என்று ஒவ்வொன்றாக அடிப்பாள். நாளுக்கு இருநூறு தடவை.

அவள் விரல் வலிக்கிறதே என்று மெர்சி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். ஆர்டர் பட்டியலை வரி வரியாகப் படித்து, அந்த மூன்று விவரங்களையும் கொடுத்து, லேபிள் புரோகிராமை அதுவே ஓட்டிவிடும். ஜாஸ்மினுக்கு ஒரே சந்தோஷம். மேனேஜர் கோதண்டபாணிக்கு இன்னும் ஜாஸ்தி. மறுமாதமே ஜாஸ்மினைப் பள்ளிகொண்டா யூனிட்டுக்குப் பேக்கிங் வேலைக்கு மாற்றிவிட்டார். மெர்சி வாய் திறக்கவில்லை. எனக்கு அவள்மேல் கோபம்தான். அவளுக்கும் தன்மேல் அதே கோபம்.

அதன்பிறகு அந்த அறையில் ஏசி சத்தம் மட்டும்தான். மெர்சி தனியாகச் சாப்பிட்டாள். போன் செய்ய வெட்கம். பேச ஆளில்லாமல் தவித்துப்போனாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை லேபிளெல்லாம் தப்பாக வந்தது. ஜாஸ்மின் போனபிறகு பட்டியல் போடுவது ஸ்டோரில் இருக்கும் நான். அவள் தோலின் பெயரை நடுவில் கோடு போட்டுச் சேர்த்தே அடிப்பாளாம். இரண்டு வார்த்தைப் பெயர் எனக்கு அன்றுதான் முதல்முறை; 'பிளாக் நப்பா' என்று இடைவெளி விட்டிருந்தேன். புரோகிராம் 'பிளாக்'கைப் பெயராகவும் 'நப்பா'வை சைஸாகவும் எடுத்துக்கொண்டது. நப்பா சைஸில் ஷூ எந்தக் காலுக்குப் போடுவது?

அதைச் சரிசெய்வது மெர்சிக்கு இரண்டு நிமிட வேலை. அவள் செய்யவில்லை. நேரே மேனேஜரிடம் போனாள்.

"சார், ஸ்கிரிப்ட் சரிப்படாது. ஜாஸ்மின் வந்தாதான் ஆவும்."

அவர் அங்கேயே போன் ஸ்பீக்கரில் ஜாஸ்மினைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஆறு மாதம் கழித்து அந்தக் குரலைக் கேட்டதும் மெர்சிக்குக் கண் கலங்கியது.

"ஸ்கிரிப்ட்ல பேருக்கு ரெண்டு பக்கமும் டபுள் கோட்ஸ் போடணும் சார், அப்பதான் ரெண்டு வார்த்தையையும் ஒரே பேரா எடுத்துக்கும். மெர்சிக்குத் தெரியுமே, அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா."

கோதண்டபாணி மெர்சியை ஏறிட்டுப் பார்த்தார். அவள் தலை குனிந்தாள்.

"அவ உன்ன திரும்பக் கூப்புடுறாம்மா. வர்றியா?"



"வேணாம் சார். அன்னைக்கு நீங்க என்னை அனுப்பும்போது, இன்னா ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டாளா அவ?"

மெர்சி தன் அறைக்குத் திரும்பி டபுள் கோட்ஸ் போட்டாள். சாயங்காலத்துக்குள் எல்லா லேபிளும் சரியாக வந்துவிட்டது.